இதயச் செயலிழப்பு நோயாளி சொல்லும் களைப்பையும் மூச்சுத்திணறலையும் எண்ணாக அளப்பது எப்படி?

இந்த நோயாளிகளுக்கென்றே உள்ள கான்சாஸ் சிட்டி வினாத்தாளையே (KCCQ) முதலில் பரிந்துரைப்பேன். 23 கேள்விகள், கடந்த 2 வாரங்களின் கால் வீக்கம், களைப்பு, மூச்சுத்திணறல், நடமாட்டம் எல்லாம் அதில் வரும். மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. 5 புள்ளி மாறினாலே பொருட்படுத்த வேண்டும், 20 பெரிய மாற்றம். இதே நோய்க்கான இன்னொரு வினாத்தாளான மினசோட்டா இதற்குத் தலைகீழ்: 0 முதல் 105 வரை, கூடினால் மோசம்.

டாக்டரைப் பார்க்கும் முன்பே நோயாளி தானே நிரப்பட்டும். உடன் வந்தவர் சொல்வது அவருடைய ஊகம்தான்.

பெரிய சிக்கல் வேறு. மூச்சு வாங்குமே என்று மாடிப்படி ஏறுவதையே நிறுத்தியவர், கான்சாஸ் சிட்டி வினாத்தாளின் படியேறும் கேள்வியில் "வேறு காரணத்தால் செய்யவில்லை" என்று குறித்துவிடுவார். அந்தத் தெரிவு முழங்கால் வலிக்காரர் போன்றவர்களுக்கானது. அதைக் குறித்தால் அந்தக் கேள்வி கணக்கில் சேராது. மதிப்பெண் உண்மை நிலையைவிட உயர்வாகத் தெரியும். ஏன் ஏறுவதில்லை என்று கட்டாயம் கேளுங்கள்.