தொண்டை அடைத்ததும் உடல் சிலிர்த்ததும்

கேள்வி: முதல் உலகப் போரில் நடந்த விஷவாயுத் தாக்குதலைப் பற்றி வில்ஃபிரட் ஓவன் எழுதிய கவிதையைப் பேராசிரியர் வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்வரிசையில் சிரித்தார்கள். ஆனால் பள்ளியில், ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் புறநானூற்றுத் தாயைப் படித்தபோது பெருமையில் உடல் சிலிர்த்தது. ஒரே மனது போருக்காக அழுகிறது, சிலிர்க்கவும் செய்கிறது. நான் போலியா?
– ஆங்கில இலக்கிய மாணவி, திருநெல்வேலி

பதில்: போலி இல்லை, அம்மா. ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் சிலிர்ப்பின் மீதுதான்.

போர்முனையில் மனம் குலைந்து, எடின்பரோவில் ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது, 1917இல் ஓவன் அதை எழுதினார். கைப்பிரதி ஒன்றில் 'ஜெஸ்ஸி போப்புக்கு' என்ற சமர்ப்பணம் இருக்கிறது. அந்த அம்மையார் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் பாட்டுகளைப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தவர். அவற்றைப் படித்தவர்களுக்கும் சிலிர்த்திருக்கும். ஓவனோ பூட்ஸ் தொலைந்து, ரத்தம் தோய்ந்த காலோடு நொண்டுகிறவர்களைக் காட்டுகிறார். முகமூடி மாட்டப் பிந்திவிட்ட ஒருவன் பச்சைக் கடலில் மூழ்குகிறவனாய்த் திணறுகிறான். அவனை வண்டியில் தூக்கிப் போடுகிறார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் நுரையீரலிலிருந்து ரத்தம் கொப்பளிக்கிறது. இதை நீ கேட்டிருந்தால், நாட்டுக்காகச் சாவது இனிது என்ற பழைய பொய்யைப் பிள்ளைகளிடம் சொல்லமாட்டாய் என்று முடிக்கிறார். எழுதியவர் 1918 நவம்பர் 4 அன்று களத்திலேயே இறந்தார். போர் முடிய ஒரு வாரம் இருந்தது.

இப்போது அந்தப் புறநானூற்றுப் பாட்டை (279) மறுபடி எடுங்கள். வீரத்தாய் என்று சொல்லிச் சொல்லியே அதை நெடுவினா ஆக்கிவிட்டோம். அவள் கணவன் நேற்றுத்தான் களத்தில் இறந்திருக்கிறான். இன்று மறுபடி போர்ப்பறை. மகன் கையில் வேலைக் கொடுக்கிறாள், அவனுக்கு வெள்ளாடை உடுத்திவிடுகிறாள், 'பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி' அனுப்புகிறாள். எண்ணெய்! பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் செய்வதைப் போலப் பரட்டைத் தலையைப் படிய வைத்துப் போருக்கு அனுப்புகிறாள். பாடிய ஒக்கூர் மாசாத்தியார் அவளைப் புகழத்தான் செய்கிறார், அதை மறைக்க முடியாது. ஆனாலும் 'கெடுக சிந்தை', இவள் சிந்தை கெட்டொழியட்டும் என்றுதான் தொடங்குகிறார். அவருக்கே பதறியிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். எண்ணெய் நீவும் அந்த வரியில் நின்று படித்திருந்தால், ஓவனிடம் அடைத்த தொண்டை அங்கேயும் அடைத்திருக்கும். பள்ளியில் உங்களை அங்கே நிற்கவிடவில்லை.

பின்வரிசைக்காரர்களைக் கோபிக்காதீர்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாதபோதும் சிலருக்குச் சிரிப்பு வரும். அவர்களிடம் சீக்ஃப்ரிட் சசூனின் 'ஜெனரல்' கவிதையைக் கொடுங்கள். ஓவனின் கவிதைகளுக்குத் திருத்தம் சொன்னவர் அவர், அதே மருத்துவமனையில் இருந்தவர். மொத்தம் ஏழு வரி. சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொல்லும் ஒரு தளபதி, அவரை நல்ல மனுஷன் என்று பேசிக்கொண்டே நடக்கும் இரண்டு சிப்பாய்கள், அவருடைய திட்டத்தால் அந்த இருவருக்கும் வரும் சாவு, அவ்வளவுதான். கண்ணீர் வராது, கோபம் வரும்.