கோபம் குறைந்த வீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு நாற்பத்தேழு வயது. ஊரறிந்த கோபக்காரன். யாரையும் அடித்ததில்லை, கத்துவேன், கையில் இருப்பதை வீசுவேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், மதிப்பெண் அட்டையை அரிசி டிரம்முக்குப் பின்னால் இரண்டு வாரமாக ஒளித்து வைத்திருந்ததைச் சென்ற ஆடியில் தற்செயலாகக் கண்டேன். அன்றே மாறிவிடுவது என்று முடிவெடுத்தேன். கைபேசியில் 21 நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். மூச்சுப் பயிற்சியும் செய்தேன். ஐந்து மாதங்களுக்கு மேல் வீட்டில் என் குரல் உயரவில்லை. தை மாதத்தில் ஒருநாள் காலை, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் வண்டிச் சாவி கிடைக்காமல் கத்தி, டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டேன். "இவ்வளவு நாளும் நடிப்புதானா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றாள் மனைவி. அதன்பின் எதிலும் பிடிப்பில்லை. பிறவிக் குணம் மாறுமா? விபாசனா முகாமுக்குப் போகலாமா, மருத்துவரைப் பார்க்கலாமா? இத்தனை முயன்றும் வீட்டில் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளாதது ஏன்?

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

அன்புள்ள நண்பருக்கு,

முதல் இரண்டு கேள்விகள் மட்டும் இருந்திருந்தால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. அதை நீங்கள் கேட்ட விதம் கொஞ்சம் எரிச்சலையும் ஊட்டியது. கோபக்காரன் மாறுவதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அவனோடு அத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு, அவன் மாறிய பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. சில காலமாக நான் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

அதற்கு முன் அந்த 21 நாளைத் தீர்த்துவிடுவோம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாற்றப்பட்ட முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாட்கள் எடுத்துக்கொள்வதைக் கவனித்து 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' என்ற சொல்லைப் பின்னால் வந்தவர்கள் உதிர்த்துவிட்டு, மூக்கைப் பற்றிச் சொன்னதை முழு மனிதனுக்கும் ஆக்கி விற்றார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய நடுவாக 66 நாட்கள் ஆகும் என்றும், ஆளைப் பொறுத்து அது 18 முதல் 254 வரை விரியும் என்றும் கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறினால் பெரிய கேடில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் அவர்கள் பழகியவை தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது, நடப்பது போன்றவை. ஒருநாள் பழம் தின்ன மறந்தால் வீட்டில் யாரும் நடுங்குவதில்லை.

உங்கள் கடிதத்தில் விடுபட்டிருப்பது இந்த நடுக்கம்தான். உங்கள் கோபம் மட்டுமா பழக்கம்? அவர்களுடைய அச்சமும் பழக்கம்தான். உங்கள் முகம் சிவப்பதற்கு முன்பே உங்கள் மனைவியின் உடம்புக்கு அது தெரிந்திருக்கும். செருப்பைக் கழற்றும் ஓசையிலிருந்தே மகள் அன்றைய நிலவரத்தைக் கணித்திருப்பாள். நீங்கள் ஐந்து மாதம் பயிற்சி எடுத்தீர்கள். அவர்களுக்கு எதிர்த்திசையில் பதினைந்து ஆண்டுப் பயிற்சி இருக்கிறது, அதுவும் உங்களிடமே பெற்றது.

மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் நியூயார்க்கிலிருந்து வெளியிட்ட ஓர் ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலென்றால் பெரும் பயம். அறையின் எந்த மூலையில் கூண்டுக்குள் இருந்தாலும் அழுவான். அவனை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, அவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் தின்றுகொண்டிருக்கும்போது கம்பிக் கூண்டை மெல்ல மெல்ல அருகில் கொண்டுவந்தார்கள். எவ்வளவு அருகில் என்பதற்கு ஒரே ஓர் அளவுதான்: அவன் தின்பது தடைப்படக் கூடாது. முயலை இன்று இத்தனை அடி நகர்த்தியே தீர வேண்டும் என்ற திட்டம் எதுவும் கிடையாது. நாளின் வேகத்தைக் குழந்தையின் வாய்தான் முடிவு செய்தது. கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும் அளவுக்கு அவன் விட்டுக்கொடுத்தான்.

ஆனால் உணவு கொடுக்கும் இந்த முறைக்கு வருவதற்கு முன்பே ஒன்று நடந்தது. அதுவரை முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டிருந்தார்கள். நன்றாகத் தேறிவந்த பீட்டர் செங்காய்ச்சல் வந்து சுமார் இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். வீடு திரும்புவதற்காக வண்டியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் அவன் மீது பாய வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அவன் மறுபடி வந்தபோது முயலைப் பற்றிய பழைய பயம் முழுதாகத் திரும்பியிருந்தது. பாய்ந்தது நாய், பயம் திரும்பியது முயல்மேல். முயல் எந்தத் தவறும் செய்யவில்லை. இருந்தும் ஜோன்ஸ் குழந்தையைக் குறை சொல்லவில்லை, இத்தனை நாள் உழைத்தேனே என்று புலம்பவும் இல்லை. தொலைவிலிருந்து மறுபடி தொடங்கினார், இந்தமுறை உணவோடு. இந்தக் கதையை நீங்கள் படித்தால் உங்களைப் பீட்டராக எண்ணிக்கொண்டு கண் கலங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பீட்டர் அல்ல ஐயா, முயல். அதிலும், தவறு செய்த முயல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாயிட் ஹம்ப்ரீஸ் என்பவர் 1939இல் கண்ணிமைத்தலை வைத்து ஒரு சோதனை செய்தார். விளக்கொளி போன்ற ஒரு குறிப்பைக் காட்டியபின் கண்ணில் காற்றை ஊதினால், கொஞ்ச நாளில் குறிப்பைக் கண்டதுமே இமை மூடும். சிலருக்கு ஒவ்வொரு முறையும் காற்று வந்தது. வேறு சிலருக்கு வரும், வராது என்று ஒழுங்கில்லாமல் வந்தது. பிறகு காற்றை அடியோடு நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் பட்டவர்களின் இமை விரைவில் அடங்கியது. எப்போது வரும் என்று தெரியாமல் பட்டவர்களின் இமைதான் நெடுநேரம் மூடிக்கொண்டே இருந்தது. உங்கள் கோபம் தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் கோபமாக இருந்திருந்தால், அது நின்றுபோனதை உங்கள் மனைவி ஒரே வாரத்தில் கண்டுகொண்டிருப்பார். அப்படி வரவில்லை. பெரிய நட்டத்துக்குச் சிரித்துவிட்டு, உப்புக்குக் கத்தியிருப்பீர்கள். அவரைப் பொறுத்தவரை ஐந்து மாத அமைதி என்பது, இன்னும் காற்று வராத ஐந்து மாதம். டம்ளர் பறந்ததும் அவருக்கு அதிர்ச்சியைவிட, எதிர்பார்த்தது வந்துவிட்ட ஆசுவாசம்கூட இருந்திருக்கலாம்.

அடித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டம்ளர் எந்தப் பக்கம் பறந்தது என்று எழுதவில்லை.

என் அப்பாவும் கோபக்காரர்தான். வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் ஓசை கேட்டால் அம்மா குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு மறுபடி உப்புப் பார்ப்பாள். அக்கா ரேடியோவைக் குறைப்பாள். நான் எது கையில் கிடைத்தாலும் அதைப் பாடப்புத்தகம்போல விரித்துக்கொள்வேன். ஐம்பதை ஒட்டிய வயதில் அவர் மாறத் தொடங்கினார். ஏன் என்று சொன்னதில்லை. குரல் ஏறும்போது சட்டென்று எழுந்து கொல்லைக்குப் போய்க் கிணற்றில் நீர் இறைத்து வாழைக்கு ஊற்றுவார். வாழைக்கு அவ்வளவு நீர் தேவைப்படாத மழைக்காலத்திலும் ஊற்றுவார். நடுநடுவே தவறியும் இருக்கிறார். அப்படித் தவறிய மறுநாளும் வாளியோடு போனார். அந்த மாற்றம் நிலைத்துவிட்டது என்று எங்களுக்கு உறைத்த பிறகும், சைக்கிள் ஓசைக்கு அம்மாவின் கை கரண்டியைத் தேடுவது பல ஆண்டுகள் நிற்கவில்லை. அவர் அதைப் பார்த்திருக்கிறார். 'இப்போதுதான் நான் கத்துவதில்லையே' என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவரிடம் எனக்கு வேறு எத்தனையோ குறைகள் உண்டு. இந்த ஒன்றுக்காக மட்டும் அவரை இப்போதும் வியக்கிறேன்.

ஒருநாள் சந்தையிலிருந்து அவர் வாங்கிவந்த கத்தரிக்காயில் பாதி சொத்தை. அம்மா ஒவ்வொன்றாக அரிந்து அவர் முன்னால் போட்டு, "கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வாங்கினீர்கள்?" என்று தெருவுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டாள். நானும் அக்காவும் அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் பையை எடுத்துக்கொண்டு மறுபடி சந்தைக்குக் கிளம்பினார். அம்மா அவரிடம் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டது அதுவே முதல்முறை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருநாள் வரலாம். வந்தால், அதை அவமரியாதை என்று எண்ணிவிடாதீர்கள்.

'ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை' என்கிறீர்கள். எதை ஒப்புக்கொள்ள வேண்டும்? ஐந்து மாதம் யாரும் கத்தாமல் சாப்பிட்டதையா? பெரும்பாலான வீடுகளில் அதற்குப் பெயர் சாப்பாட்டு நேரம். கோபத்தை அடக்கிய ஒவ்வொரு நாளையும் கணக்கில் வரவு வைத்து, அதற்கு வட்டியாக அன்பையும் பாராட்டையும் எதிர்பார்க்கும் மனம் இருக்கிறதே, அது பழைய கோபத்தின் தம்பிதான். நான் நினைத்தபடி நீங்கள் நடக்கவில்லை என்றுதான் அதுவும் முறையிடுகிறது. உங்கள் அச்சத்தைக் கைவிட்டு என் முயற்சியை மெச்சுங்கள் என்று அவர்களைக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. அவர்கள் கைவிடலாம், விடாமலும் போகலாம்.

பிறவிக் குணம் மாறுமா என்றால், மாறும். ஆனால் பழையது அழிவதில்லை. அச்சம் தணிவதை ஆராய்ந்த மார்க் பவுட்டன் போன்ற உளவியலாளர்கள் காட்டியது இது: பழைய பாடம் அப்படியே இருக்கிறது, அதன் பக்கத்தில் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, புதியது தான் கற்கப்பட்ட சூழலோடு கூடுதலாகக் கட்டுண்டது. அமைதியான அறையில் கண்ணை மூடிப் பழகிய மூச்சுப் பயிற்சி, எட்டே முக்கால் மணிக்குச் சாவி தொலைந்த கூடத்தில் உதவிக்கு வராததில் வியப்பில்லை. பயிற்சியைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள், அந்த நேரத்துக்கே கொண்டுவாருங்கள். பழமொழியை விட்டுவிடுங்கள், அது களைத்துப்போன ஒரு பெண்ணின் வாயில் வந்த சொல், உங்கள் சாதகக் குறிப்பு அல்ல.

தை மாதத்துக்கான மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை என்றால், மகளும் இருக்கும்போது, 'ஆனால்' என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியத்தில் கேளுங்கள். கேட்டுவிட்டு பதிலுக்காக நிற்காமல் உங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள்.

மருத்துவரைப் பாருங்கள், இரத்த அழுத்தம், தூக்கம், குடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். விபாசனா முகாமில் பத்து நாள் பேசாமல் இருப்பது உங்களைப் போன்றவர்களுக்குச் சிரமமாகவே இருக்காது என்பது என் ஐயம். போக விரும்பினால் போங்கள். மகளுக்குப் பொதுத்தேர்வு முடியட்டும், மனைவியைக் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள்.

அன்புடன்.