ஒரு சொத்தைக் கடலை: நிலக்கடலை நஞ்சு பற்றிய வாசகர் கேள்விகள்

நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைப் பற்றிப் பல தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவர்களில் மானாவாரி விவசாயி உண்டு, செக்கு வைத்திருப்பவர் உண்டு, மாடு வளர்ப்பவர் உண்டு, குழந்தைக்குச் சத்துமாவு அரைக்கும் தாயும் உண்டு. ஒரு துறைக்காரர் மட்டும் பதில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. பயிர் நோயியல், வேளாண் பொறியியல், பொருளியல், மருத்துவம் ஆகிய நான்கு துறையினரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

அறுவடையின்போதே சில காய்களில் கறுப்புப் பூஞ்சை தெரிகிறது. இதுதான் அந்த நஞ்சா? வயலிலேயே வந்துவிடுமா?
*விவசாயி, செய்யாறு*

கறுப்புத் தூளாகப் படிந்திருப்பது பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர். இளஞ்செடியில் கழுத்தழுகலை உண்டாக்குவதும் அதுதான். அது அஃப்ளாடாக்சினைச் சுரப்பதில்லை. சுரப்பது அதன் நெருங்கிய உறவான அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்; மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். ஆனால் நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே மண்ணில் இருப்பவை. வெளியே பூஞ்சை எதுவும் தெரியாத பருப்புக்குள்ளும் நஞ்சு இருக்கலாம்.

வயலிலேயே வரும். அறுவடைக்கு முந்தைய கடைசி ஒரு மாதம்தான் ஆபத்தான காலம். அப்போது மழை பொய்த்து, காய் இருக்கும் ஆழத்தில் மண்ணின் வெப்பம் 28 முதல் 31 டிகிரிக்குள் நின்றால் பூஞ்சை உள்ளே நுழைந்துவிடும். நீர்ச்சத்து நிறைந்த பருப்பு பூஞ்சையை எதிர்க்கும் பொருள்களைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பருப்பு வாடத் தொடங்கியதும் அந்தத் தற்காப்பு நின்றுவிடுகிறது. பூஞ்சைக்கோ அந்தக் குறைந்த ஈரமே போதும். ஆகவே கிணற்றில் கொஞ்சம்தான் தண்ணீர் இருக்கிறது என்றால், அதைக் காய் முற்றும் பருவத்துக்கு மிச்சம் வையுங்கள்.

விதைக்கும்போது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதையுங்கள். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, 40 முதல் 45 நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது செடியோரம் இட்டு மண் அணையுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் ஓடு உறுதிப்படும், பொக்குக் காய் குறையும். பூவிலிருந்து இறங்கிக் காயாகும் விழுது மண்ணுக்குள் போன பிறகு களைக்கொட்டு போடாதீர்கள். கொட்டு பட்ட காயும் கரையான் சுரண்டிய காயும் பூஞ்சைக்குத் திறந்த கதவுதான். முன்கூட்டியே செத்துப்போன செடியின் காய்களைத் தனியே பறித்து ஒதுக்கிவிடுங்கள். நல்ல குவியலோடு சேர்க்கவே வேண்டாம்.

எத்தனை நாள் காயவைக்க வேண்டும்? காய்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*விவசாயி, விருத்தாசலம்*

நாள் கணக்கை நம்பாதீர்கள், ஈரத்தைப் பாருங்கள். பிடுங்கிய காயில் 35 முதல் 50 சதவீதம் வரை ஈரம் இருக்கும். காயாக வைப்பதென்றால் 8 சதவீதம், பருப்பாக வைப்பதென்றால் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மிகவும் மோசமானது இரண்டுக்கும் நடுவில் உள்ள அரைகுறை ஈரம். அந்தக் கட்டத்தைக் காய் எவ்வளவு சீக்கிரம் கடக்கிறதோ அவ்வளவு நல்லது.

பிடுங்கிய செடியை உடனே போர் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. போருக்குள் சூடேறி, ஈரமும் வெளியேறாமல் ஒரே இரவில் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். செடியைக் கவிழ்த்து, இலை கீழேயும் காய் மேலேயும் இருக்கும்படி வரிசையாகப் போட்டு இரண்டு மூன்று நாள் வாடவிடுங்கள். பறித்த காயை வெறும் மண்ணில் கொட்டாதீர்கள். தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, பகலில் பல முறை கிளறிவிடுங்கள். பொழுது சாயும்போது குவித்து மூடாவிட்டால், பகலெல்லாம் இறங்கிய ஈரம் பனியில் திரும்ப ஏறிவிடும். மழைக்காலத்தில் சூடான காற்றை ஊதும் உலர்த்தி வைத்திருப்பவர்கள் காற்றின் வெப்பத்தை 35 டிகிரியை ஒட்டியே வைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் தோல் உரியும், பருப்பு இரண்டாகப் பிளக்கும், கசப்பு ஏறும்.

குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்பது நல்ல அறிகுறிதான். ஆனால் 12 சதவீத ஈரத்திலும் அந்தச் சத்தம் கேட்கும். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. காற்றின் ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்த காயைக் கண்ணாடிச் சீசாவில் முக்கால் பாகம் நிரப்பி, மீட்டரையும் உள்ளே போட்டு, இறுக மூடி நிழலில் நாலைந்து மணி நேரம் வையுங்கள். 65-க்குக் கீழே காட்டினால் மூட்டை கட்டலாம். 70-ஐத் தாண்டினால் இன்னொரு வெயில் வேண்டும். எடைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்: 35 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்த காய், 8 சதவீதத்துக்கு வரும்போது ஏறத்தாழ 70.7 கிலோ இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்ததை ஒரே மணி நேரத்தில் கெடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பருப்பு உடையாமல் வரவேண்டும் என்று, உடைப்பதற்கு முன் காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். கையால் உடைப்பவர்கள் ஓடு இளகுவதற்காக ஊறவைப்பதும் உண்டு. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இயந்திரத்தின் சல்லடையைக் காயின் பருமனுக்கு ஏற்ப மாற்றி, ஓட்டும் வேகத்தைக் குறைத்தாலே உடைசல் குறையும். கொஞ்சம் உடைந்தாலும் பரவாயில்லை, அது எண்ணெய்க்கு உடனே போகட்டும். நனைத்த பருப்பைச் சாக்கில் கட்டினால் நஞ்சுக்கு நாமே நாற்றங்கால் விடுவது போலாகும்.

ஒரே லாட்டிலிருந்து இரண்டு மாதிரி அனுப்பினோம். ஒன்றில் நஞ்சு இல்லை என்றும் மற்றொன்றில் வரம்பைத் தாண்டியது என்றும் அறிக்கை வந்தது. ஆய்வகத்தின் தவறா?
*உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், திண்டிவனம்*

பெரும்பாலும் இல்லை. நஞ்சு குவியல் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் மட்டும் பெருமளவில் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை கிராம் எடையுள்ள ஒரு சொத்தைப் பருப்பில் கிலோவுக்கு 1,00,000 மைக்ரோகிராம் என்ற செறிவில் நஞ்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பல மடங்கு செறிவுள்ள பருப்புகளும் அளக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு பருப்பில் 50 மைக்ரோகிராம் நஞ்சு. அதை 5 கிலோ நல்ல பருப்போடு, அதாவது சுமார் 10,000 பருப்போடு கலந்து அரைத்தால் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். நேரடியாக உண்ணும் கடலைக்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பே அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 4 மைக்ரோகிராம்.

நீங்கள் அனுப்பிய அரைக் கிலோவில் அந்தப் பருப்பு இல்லாவிட்டால் அறிக்கை சுத்தமாக வரும். இருந்தால் நூறைத் தொடும். எனவே லாட்டின் பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று குத்தூசியால் சிறிது சிறிதாக எடுத்து, 20 கிலோ வரை சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலக்கி, அதிலிருந்து மாதிரி எடுங்கள். இதே கணக்கு வேறொரு நல்ல செய்தியையும் சொல்கிறது. சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது, உடைந்தது ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்தாலே நஞ்சின் பெரும்பகுதி போய்விடும். பொறுக்கும் பெண்களின் கண்ணும் கையும்தான் இதில் முக்கியக் கருவி. அவர்களுக்கு நல்ல வெளிச்சமும், எடைக்கு அல்லாமல் நாளுக்குக் கூலியும் கொடுங்கள்.

வறுத்தாலோ பொரித்தாலோ நஞ்சு போகுமா? செக்கு எண்ணெயில் இருக்குமா?
*வாசகி, மதுரை, செக்கு உரிமையாளர், ஈரோடு*

முழுதாகப் போகாது. அஃப்ளாடாக்சின் சிதைய 250 டிகிரிக்கு அருகில் வெப்பம் வேண்டும். பொரிக்கும் எண்ணெயின் சூடு 180-ஐ ஒட்டித்தான் இருக்கும். வறுக்கும்போது ஓரளவு குறையும், அவ்வளவுதான். பொடி, சட்னி, சத்துமாவு என்று அரைத்த பிறகு எது சொத்தை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அரைப்பதற்கு முன் தட்டில் கொட்டிப் பொறுக்குங்கள். வாயில் கசந்த கடலையை விழுங்காமல் துப்பச் சொல்லிக் குழந்தைகளைப் பழக்குங்கள். விலை குறைவு என்று உடைசல் வாங்காதீர்கள்.

பிழியும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும். கசடோடு கொஞ்சம் எண்ணெயிலும் வரும். ஆலைச் சுத்திகரிப்பில் காரம் சேர்க்கும் கட்டத்தில் அது நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெய்க்கு அந்தக் கட்டமே இல்லை. அதனால் செக்குக்காரர் பருப்பை வாங்கும் இடத்திலேயே கவனமாக இருந்தாக வேண்டும். எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடும் பழைய வழக்கத்துக்கு இங்கே பயன் உண்டு: சூரிய ஒளி எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்சினைச் சிதைக்கும் என்று மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-களிலேயே காட்டினார்கள். நாள்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடிக்கிறது. மாட்டுக்குத்தானே, கொடுக்கலாமா?
*பால் உற்பத்தியாளர், பண்ருட்டி*

கூடாது. இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்ததே புண்ணாக்கால்தான். 1960-இல் இங்கிலாந்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. அந்தத் தேடலில்தான் அஃப்ளாடாக்சின் கண்டுபிடிக்கப்பட்டது.

மாடு உடனே சாகாது. நஞ்சு பாலில் வேறு வடிவத்தில் இறங்கும். தின்ற நஞ்சில் 1 முதல் 2 சதவீதம், அதிகம் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரைகூட, பாலுக்கு வரும். கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் நஞ்சுள்ள புண்ணாக்கை நாளுக்கு 2 கிலோ வைத்தால், உள்ளே போவது 1,000 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் 20. மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 0.5. காய்ச்சினாலும் போகாது. அந்தத் தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும் என்பது ஆறுதல். பூஞ்சைப் புண்ணாக்கை நல்லதோடு கலந்து தீர்த்துவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

இது கல்லீரல் புற்றுநோயைத் தரும் என்கிறார்கள். இரத்தப் பரிசோதனை, மருந்து ஏதாவது உண்டா?
*வாசகர், சேலம்*

மொத்தமாக உள்ளே போனால் கல்லீரல் சில நாள்களிலேயே செயலிழக்கும். 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்றவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோப்பது ஆகியவையே அறிகுறிகள். அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. 2004-இல் கென்யாவிலும் மக்காச்சோளத்தால் 125 பேர் இறந்தார்கள். முறிவு மருந்து கிடையாது.

கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் போவது வேறு வகை. கல்லீரல் இந்த நஞ்சை மாற்றும்போது உண்டாகும் பொருள் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு அதைத் திரிக்கிறது. ஷாங்காய் நகரில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், நஞ்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3.4 மடங்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு 7.3 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு 59 மடங்கு. கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். நஞ்சைத் தடுப்பதற்கு நிகராக ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் முக்கியம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு. அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரியவர்கள் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான கல்லீரல் பரிசோதனை அஃப்ளாடாக்சினைக் காட்டாது.

நன்றாகக் காயவைத்தால் எடை குறைகிறது. மண்டியில் அதே விலைதான். எங்களுக்கு என்ன லாபம்?
*விவசாயி, போளூர்*

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது உங்கள் கேள்விதான். 10 சதவீத ஈரத்தில் உள்ள 100 கிலோ காயை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் 97.8 கிலோ ஆகும். 2025-26-க்கான ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அப்படியானால் ஒழுங்காகக் காயவைத்த குற்றத்துக்காகக் குவிண்டாலுக்கு 158 ரூபாய் அளவுக்கு இழக்கிறீர்கள். கூலியும் தார்ப்பாயும் தனி. நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, தெரியாததற்கு மண்டியில் விலை இல்லை. விவசாயிக்குப் பொறுப்பில்லை என்று பேசுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வடக்கு கானாவில் கடலை விவசாயிகளிடம் நடந்த ஆய்விலும், பயிற்சியோடு தார்ப்பாயையும் இலவசமாகக் கொடுத்தபோது கடலையில் நஞ்சு குறைந்தது.

தனியாகப் போனால் விலை கேட்க முடியாது. குழுவாகப் போனால் எடைக் கணக்கையாவது மாற்றலாம். செக்குக்காரர், கடலைமிட்டாய் தயாரிப்பவர் போன்ற நேரடி வாங்குபவரோடு, ‘8 சதவீத ஈரத்துக்கு மாற்றிய எடைக்கே பணம்’ என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். கொண்டுவந்த எடையை, 100-இலிருந்து ஈரச் சதவீதத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, 92-ஆல் வகுக்க வேண்டும். 10 சதவீத ஈரத்தோடு 100 கிலோ கொண்டுவருபவருக்கு 97.8 கிலோவுக்குப் பணம். 6 சதவீதத்துக்குக் காயவைத்துக் கொண்டுவருபவருக்கு அதே 100 கிலோவுக்கு 102.2 கிலோவின் பணம். ஈரமானியை இரு தரப்பும் சேர்ந்து வாங்கி, எடை போடும் இடத்திலேயே, இருவரும் பார்க்க அளக்க வேண்டும்.