குதிரைத்திறன் ஒன்றாக இருந்தும் எஸ்யூவி ஏன் செடானைவிட மெதுவாக வேகமெடுக்கிறது?

ஒரே எஞ்சினை இரண்டு உடல்களில் பொருத்திப் பார்த்தால் விஷயம் எளிதில் புரியும். பிஎம்டபிள்யூவின் எம்5 காம்பெடிஷன் செடான் (எஃப்90 தலைமுறை), எக்ஸ்5 எம் காம்பெடிஷன் எஸ்யூவி (எஃப்95 தலைமுறை) இரண்டிலும் 4.4 லிட்டர் வி8 டர்போ, 625 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 8 வேக கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கம். ஆனாலும் 0-100 கி.மீ. வேகத்துக்கு அறிமுகத்தின்போது நிறுவனம் சொன்ன நேரம் செடானுக்கு 3.3 விநாடி, எஸ்யூவிக்கு 3.8.

அந்த அரை விநாடிக்கு முக்கியக் காரணம் எடை. எஸ்யூவி சுமார் 400 கிலோ கூடுதல். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்கு வந்த மாதிரி.

சரி, இவ்வளவு எடைக்கு அரை விநாடிதானா? புறப்படும்போது தடையாக இருப்பது பெரும்பாலும் டயரின் பிடிமானம். கனமான வண்டி டயரைத் தரையில் அதிகம் அழுத்துவதால் அங்கே பெரிதாகப் பின்தங்குவதில்லை.

வேகம் கூடக்கூடத்தான் எஸ்யூவி திணறும். வேகம் இரட்டிப்பானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். உயரமான முகப்பு அதை இன்னும் கூட்டும். அதனால் ஒப்பிடும்போது 0-100 எண்ணோடு நிற்காமல் 100-200 நேரத்தையும் பாருங்கள். என்னைக் கேட்டால், உண்மையான வித்தியாசம் அங்கேதான் தெரியும்.