கோலைச் சொல்லிச் சிரிக்கலாம், சாவைச் சொல்லி?

கேள்வி: என் மகன் கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். அணி தோற்றால் அறைத் தோழர்கள் வாட்ஸ்அப்பில் ஓட்டுவார்கள், அவனும் திருப்பிக் கொடுப்பான். போன மாதம் ஒருவன் விமானம் விழுகிற மாதிரி படம் போட்டு ‘மியூனிக்’ என்று எழுதினானாம். அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. “விளையாட்டுதானே, விட்டுத் தள்ளு” என்றேன். நான் சொன்னது சரியா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: இல்லை அம்மா, இதில் நான் உங்கள் மகன் பக்கம்.

1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பிய யுனைடெட் அணியின் விமானம் எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியது. பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் இரண்டு முறை கிளம்பப் பார்த்து முடியவில்லை. மூன்றாவது முறை ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியது. 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். அவர்களில் டங்கன் எட்வர்ட்ஸுக்கு வயது 21. பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடி உயிர்விட்டார். உங்கள் மகன் வயதுதான் இருக்கும்.

அதே விமானத்தில் பத்திரிகையாளராகப் போய் இறந்த இன்னொருவர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். யுனைடெட்டின் ஊர்ப் பகையான மான்செஸ்டர் சிட்டியின் பழைய கோல்கீப்பர், 1934-ல் அந்த அணிக்கு எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்தவர். மியூனிக்கைச் சொல்லி மைதானத்தில் கேலிப்பாட்டுப் பாடுகிற சிட்டி ரசிகன் தன் வீட்டுச் சாவையும் சேர்த்துத்தான் பாடுகிறான். 2008 பிப்ரவரி 10 அன்று, விபத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, ஓல்டு டிராஃபோர்டில் இந்த இரண்டு அணிகளும் மோதின. சிட்டி ரசிகர்கள் மௌன அஞ்சலியைக் கெடுத்துவிடுவார்களோ என்று ஊரே பயந்தது. கெடுக்கவில்லை. மொத்த மைதானமும் அமைதியாக நின்றது. அப்புறம் சிட்டி 2-1 என்று ஜெயித்தது, அந்த ரசிகர்கள் தொண்டை கிழியக் கொண்டாடினார்கள். எனக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

கிண்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 மார்ச் 5 அன்று லிவர்பூல் யுனைடெட்டை 7-0 என்று நொறுக்கியது. அந்த ஏழு கோலைச் சொல்லி உங்கள் மகனை ஆயுசுக்கும் ஓட்டலாம், அவனும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே ஆட்டத்துக்கு முன்பு இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களும், யுர்கன் கிளாப்பும் எரிக் டென் ஹாக்கும், சேர்ந்து ஒரு வேண்டுகோள் விட்டார்கள்: இறந்தவர்களைச் சொல்லிப் பாடாதீர்கள் என்று. யுனைடெட் பக்கமும் சுத்தமில்லை. அந்த வருஷமே எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு 1989 ஹில்ஸ்பரோ நெரிசலில் நடந்த லிவர்பூல் ரசிகர்களின் சாவைக் கேலி செய்யும் சட்டை போட்டுவந்த ஒரு யுனைடெட் ரசிகருக்கு நீதிமன்றம் அபராதம் போட்டு, நான்கு வருஷம் கால்பந்து மைதானங்கள் பக்கமே வரக்கூடாது என்றது.

அந்தப் பையன் விவரம் தெரியாமல் போட்டிருக்கவும் கூடும். ஸ்விஃப்ட் கதையை மகனே அவனுக்கு நேரில் சொல்லட்டும். கேட்டும் சிரித்தால், பேசாமல் இருப்பதே சரி.

கேள்வி: நம் நாட்டில் கால்பந்து மைதானத்தில் இப்படிச் சாவு நடந்ததுண்டா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உண்டு. 1980 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஆமாம், கிரிக்கெட் மைதானம்தான். அன்று அங்கே ஊரின் பரம எதிரிகளான ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் லீக் ஆட்டம். இரண்டாம் பாதியில் ஆட்டம் முரட்டுத்தனமாகி, அணிக்கு ஒருவரை நடுவர் வெளியே அனுப்பினார். கேலரியில் இரண்டு பக்கத்து ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே அடிதடி கிளம்பியது, தப்பித்து ஓடிய நெரிசலில் 16 பேர் இறந்தார்கள்.

நான் அப்போது கல்கத்தாவில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன். வீட்டுக்காரர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், ஈஸ்ட் பெங்கால் என்றால் உயிர். நான் மோகன் பகான். அவர்கள் அணி ஜெயித்த நாளில் வீடெல்லாம் இலிஷ் மீன் வாசம் தூக்கும். மாஷிமா, அதாவது வீட்டுக்கார அம்மா, எனக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்புவார். அந்தத் துண்டில் கிண்டலும் சேர்ந்தே வரும். எங்கள் அணி ஜெயித்தால் நான் இறால் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் எங்களை 5-0 என்று தோற்கடித்தார்கள். அதற்கப்புறம் பல வருஷம் ஆபீஸில் எனக்கு வணக்கத்துக்குப் பதில் ஐந்து விரல்தான். 2009-ல் நாங்கள் 5-3 என்று ஜெயித்தபோது பழைய சகா ஒருவருக்குப் போன் போட்டு, “ஐந்து” என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இதையும் சொல்லியாக வேண்டும்: அந்த 1975 தோல்வியைத் தாங்க முடியாமல் ஒரு இளம் மோகன் பகான் ரசிகர் உயிரை விட்டார். தோல்வியைக் கேலி செய்யும்போதும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதை நான் அப்படித்தான் படித்தேன்.

1980-ல் அந்தச் சனிக்கிழமை நான் ஆட்டத்துக்குப் போகவில்லை. இருட்டிய பிறகும் மாஷிமாவின் மகன் வீடு திரும்பவில்லை. எதிர்வீட்டில் மோகன் பகான் குடும்பம், அந்தப் பையனையும் காணோம். சேதி மட்டும் அரைகுறையாக வந்துகொண்டிருந்தது. இரண்டு அம்மாக்களும் தெருமுனையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பையன்கள் இருவரும் ஒன்றாகவே, நடந்தே, வந்து சேர்ந்தார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் மீன் பேச்சே இல்லை.

அதற்கப்புறம் ஆகஸ்ட் 16 அங்கே கால்பந்து ரசிகர்கள் தினமானது. அன்றைக்கு ரத்ததான முகாம் நடக்கும். நானும் கொடுத்திருக்கிறேன், பக்கத்துக் கட்டிலில் சிவப்பு-தங்கச் சட்டை போட்ட ஒரு ஈஸ்ட் பெங்கால்காரர். மெழுகுவத்தி, மலர்வளையம் எல்லாம் சரிதான். ஆனால் நெரிசலில் போன உயிர்களுக்காக இன்னொரு உயிருக்கு ரத்தம் கொடுப்பது என் மனசுக்கு நெருக்கமான அஞ்சலி.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டர் கொல்லப்பட்ட கொந்தளிப்பில் டுராண்ட் கோப்பையின் ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே இரண்டு அணி ரசிகர்களும் ஊரின் இன்னொரு அணியான முகமதன் ரசிகர்களும் சேர்ந்து நியாயம் கேட்டு நின்றார்கள். ஈஸ்ட் பெங்கால்காரர் தோளில் மோகன் பகான்காரர் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேள்வி: லிவர்பூல் நகரத்தில் ‘தி சன்’ பத்திரிகையை இன்னும் பலர் தொடுவதில்லையாமே? இத்தனை வருஷமாகவா கோபம்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அது நியாயமான கோபம். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ஆடிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வெளியே கூட்டம் முண்டியதும் போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதிக்குப் போகும் சுரங்கவழியை மட்டும் யாரும் அடைக்கவில்லை. முன்னால் இரும்புவேலி. ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள். இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். கடைசியாக ஒருவர், அன்று பட்ட காயத்தின் விளைவாக 2021-ல் இறந்தார். அந்த 97 பேரில் 10 வயதுச் சிறுவன் ஒருவன், பின்னாளில் லிவர்பூல் கேப்டனான ஸ்டீவன் ஜெரார்டின் உறவுக்காரன்.

நான்காம் நாளே அந்தப் பத்திரிகை ‘உண்மை’ என்று தலைப்புப் போட்டு, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது. அது பொய். ரசிகர்கள் மேல் தப்பில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணையின் ஜூரி சொல்ல 2016 ஏப்ரல் ஆகிவிட்டது. 27 வருஷம் பெற்றவர்கள் அலைந்தார்கள். தீர்ப்பைப் பார்க்காமலே கண்மூடியவர்கள் உண்டு.

அந்த அலைச்சலில் கூட நின்றவர்கள் எவர்ட்டன் ரசிகர்கள், அதே ஊரின் எதிரணி. விபத்து நடந்த அடுத்த வாரம் எவர்ட்டனின் குடிசன் பார்க்கிலிருந்து ஸ்டான்லி பூங்கா வழியாக ஆன்ஃபீல்டு வரை நீலமும் சிவப்புமாகக் கழுத்துத் துண்டுகளை முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். விபத்தைப் பற்றி மறைத்து வைத்திருந்த ஆவணங்கள் 2012-ல் வெளிவந்த பிறகு நடந்த எவர்ட்டன் ஆட்டத்தில், 9 போட்ட எவர்ட்டன் சட்டையில் ஒரு சிறுமியும் 6 போட்ட லிவர்பூல் சட்டையில் ஒரு சிறுவனும் கைகோத்து மைதானத்துக்குள் வந்தார்கள். அப்போது கணக்கு 96.

கேள்வி: தப்பு செய்த பக்கமே அஞ்சலி செலுத்தினால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டியதில்லை. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானம். லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்க, ஒதுங்கிய கூட்டம் சுவரோடு நசுங்கி, சுவரும் சரிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யுவென்டஸ் அணியைப் பார்க்க வந்த இத்தாலியர்கள். 2005-ல் யுவென்டஸ் ஆன்ஃபீல்டுக்கு விளையாட வந்தபோது லிவர்பூல் ரசிகர்கள் அட்டைகளைத் தூக்கி ‘நட்பு’ என்று இத்தாலியனில் காட்டினார்கள். வந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள், பலர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். முதுகு காட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்பது லிவர்பூலின் கடமை, கொடுப்பது அவர்கள் இஷ்டம்.

கேள்வி: எதிரணிக்காகக் கோப்பையையே விட்டுக்கொடுத்த அணி உண்டா?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: உண்டு தம்பி, கொலம்பியாவின் அட்லெடிகோ நாசியோனல். 2016 நவம்பரில் தென் அமெரிக்க அணிகளுக்கான கோப்பா சுடமெரிக்கானா இறுதியாட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பிரேசிலின் சாப்பெகோயென்ஸி அணியின் விமானம் மெதெயின் நகரத்துக்குப் பக்கத்தில் விழுந்து 71 பேர் இறந்தார்கள். ஆட்டம் நடக்க வேண்டிய இரவில் நாசியோனல் ரசிகர்கள் வெள்ளை உடுத்தி மைதானத்தை நிரப்பினார்கள். கோப்பையை அவர்களுக்கே கொடுங்கள் என்று அணி கேட்டது, கொடுத்தார்கள். அடுத்த வருஷம் இரண்டு அணிகளும் ரெகோப்பா என்ற இன்னொரு கோப்பைக்காக இரண்டு ஆட்டங்களில் மோதின. பிரேசிலில் சாப்பெகோயென்ஸி 2-1 என்று ஜெயித்தது. மெதெயினில் நாசியோனல் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் 4-1 என்று அடித்து அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டது.