சட்டையைத் தூக்கிப் பாருங்கள்: கைக்குழந்தைகளின் நெஞ்சுச் சளி, கேள்வி பதில்

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ஐந்து மாதக் குழந்தை. ஆர்எஸ்வி வைரஸ் என்று அட்மிட் செய்தார்கள். முதல் நாளைவிட நாலாம் நாள் மூச்சிரைப்பு அதிகம். சிகிச்சை சரியில்லையோ?

ஆர்எஸ்வி என்பது மூக்கிலும் நுரையீரலிலும் தொற்றும் ஒரு சளி வைரஸ். கைக்குழந்தைகளுக்கு அது தரும் சிறு மூச்சுக்குழல் அழற்சியின் (பிராங்கியோலைட்டிஸ்) போக்கே அப்படித்தான் அம்மா. முதல் இரண்டு மூன்று நாள் மூக்கு ஒழுகும். பிறகு வைரஸ் நுரையீரலின் மிகச் சிறிய குழல்களுக்கு இறங்கும். குழலின் உட்புறம் வீங்கி, செத்த செல்களும் சளியும் அடைத்துக்கொள்ளும். பெரியவர்களின் குழலில் அந்த வீக்கம் பொருட்டே இல்லை. குழந்தையின் குழலிலோ காற்று போகும் வழியே சுருங்கிவிடுகிறது. மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சம், பிறகு மெல்ல இறங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்.

வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் வழக்கமாகத் தருவதில்லை. ஆக்சிஜன், மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பது, பால் இறங்காவிட்டால் மூக்குவழிக் குழாயில் பாலோ நரம்பு வழியாக ட்ரிப்ஸில் நீரோ, இவ்வளவுதான். குழந்தை தானாக மீளும் வரை தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. நான் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன் பால் குடிப்பதைப் பார்ப்பேன். நாலு முறை உறிஞ்சிவிட்டு, காம்பை விட்டு, வாய் திறந்து இரைத்துவிட்டு மறுபடி பிடித்தால், அந்தக் குழந்தைக்கு மூச்சும் பாலும் சேர்ந்து முடியவில்லை என்று அர்த்தம்.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம். எப்போது திரும்ப ஓடி வர வேண்டும்?

சட்டையைத் தூக்கிப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காதது, பன்னிரண்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வாருங்கள். உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கும் இரண்டு மாதத்துக்குட்பட்டவர்களுக்கும் இருமலே இல்லாமல்கூட மூச்சு நிற்கலாம்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமா?

ஆகாது. வைரஸுக்கு அது வேலை செய்யாது. கூடவே பாக்டீரியா தொற்று இருந்தால் மட்டுமே தேவை.

நெபுலைசர் ஏன் வைக்கவில்லை? பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு வைத்தார்களே?

நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் மருந்து, மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். ஆஸ்துமாவில் தசை இறுகுகிறது, அங்கே உதவும். இங்கே அடைப்பது வீக்கமும் சளியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் இந்த நோய்க்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

(வேறொருவர்) ஒத்துக்கொள்ள மாட்டேன் டாக்டர். என் மகனுக்கு வைத்த பத்தே நிமிடத்தில் வீசிங் அடங்கியது. கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் பார்த்ததை மறுக்கவில்லை. மகனுக்கு என்ன வயது?

மூன்றரை. இது நாலாவது தடவை.

அப்படியானால் அது வேறு கதை. அடிக்கடி வீசிங் வரும் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அந்த மருந்து பொருத்தமாக இருக்கலாம். முதல்முறை இரைக்கும் ஐந்து மாதக் குழந்தைக்கு அதே மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள், படபடப்புதான் மிஞ்சும்.

தடுப்பூசி இல்லையா?

1956-இல் சிம்பன்சிகளிடம் கண்டறியப்பட்ட வைரஸ் இது. 1960-களில் சோதித்த தடுப்பூசி, பிறகு தொற்று வந்தபோது நோயை இன்னும் கடுமையாக்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் காயத்தால் பல ஆண்டுகள் இந்தத் துறை தயங்கி நின்றது. 2013-இல் வைரஸின் மேற்புரதத்தின் அசல் வடிவம் தெரிந்த பிறகுதான் வழி திறந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும், கைக்குழந்தைக்கு ஒரே ஊசியாகப் போடும் நிர்செவிமாப் எதிர்ப்புப் புரதமும் உண்டு. உங்களுக்குக் கிடைக்குமா என்று பிரசவ மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

எனக்கும் சளி. தாய்ப்பால் தரலாமா?

கட்டாயம் தாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் அணிந்துகொண்டு.

காய்ச்சல் இருக்கிறதே, ஆன்டிபயாடிக்...

மேலே சொல்லிவிட்டேன். காய்ச்சல் மட்டும் அதற்குக் காரணம் ஆகாது.

மாமியாருக்கு ஒரு மாதமாக இருமல்.

பெரியவர்களுக்கான மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மாதம் என்பது அதிகம்.

நாலு மாத மகள். நீங்கள் சொன்னபடி சட்டையைத் தூக்கி எண்ணினேன், 64 வருகிறது. காலையிலிருந்து பால் பாதிதான். மருந்து ஏதாவது சொல்லுங்கள்.

மருந்து வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.