கேள்வி – பதில்: சாண்ட்பாக்ஸிலிருந்து லைவுக்கு

கேள்வி: தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் சேல்ஸ்ஃபோர்ஸ் (வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைக் கையாளும் மென்பொருள்) பார்க்கிறேன். சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கான நகல்) எழுதிய ஏபெக்ஸ் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழி) கோடை லைவுக்கு (அன்றாட வேலை நடக்கும் நிஜ அமைப்பு) கொண்டுபோக சேஞ்ச் செட் (மாற்றங்களைத் தொகுத்து அனுப்பும் சேல்ஸ்ஃபோர்ஸ் வசதி) போதுமா, கிட் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி) வேண்டுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நீங்கள் ஒருவர்தான், எப்போதாவதுதான் அனுப்புகிறீர்கள் என்றால் சேஞ்ச் செட்டே போதும். ஆனால் அதைக்கொண்டு எதையும் அழிக்க முடியாது. வேண்டாத பழைய டிரிக்கர் (ரெக்கார்ட் மாறும்போது தானாக ஓடும் கோடு) லைவில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நீக்க, சிஎல்ஐ (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவி) வழியாக டெஸ்ட்ரக்டிவ் சேஞ்சஸ் கோப்பு (அழிக்க வேண்டியவற்றின் பட்டியல்) அனுப்ப வேண்டும். இரண்டாவது ஆள் கோடு எழுத வந்துவிட்டாலே கிட்டுக்கு மாறிவிடுங்கள்.

எந்த வழியானாலும் டெஸ்ட் கவரேஜ் (ஏபெக்ஸ் கோடில் டெஸ்டுகள் ஓட்டிப் பார்க்கும் பங்கு) 75 சதவீதம் தேவை. சாண்ட்பாக்ஸில் தேறியது லைவில் விழுந்தால், டெஸ்டுக்குள் ரெக்கார்ட் ஐடியை நேரடியாக எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, லைவில் மட்டும் இருக்கும் வேலிடேஷன் ரூல் (தவறான தகவலைச் சேமிக்கவிடாத விதி) ஏதாவது தடுக்கிறதா என்று பாருங்கள். பகலில் வேலிடேட் (லைவில் எதையும் மாற்றாமல், தேறுமா என்று பார்ப்பது) மட்டும் செய்யுங்கள். டெஸ்டுகளோடு தேறிவிட்டால் 10 நாட்களுக்குள் குவிக் டிப்ளாய் (தேறியதை அப்படியே லைவில் ஏற்றுவது) கொடுக்கலாம். டெஸ்டுகள் மறுபடி ஓடாது. ஷிப்மென்ட் பில் போடும் நேரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.